அமெரிக்க கிராஃப்ட் பீர்: மதிப்பெண் போடுவதற்கு முன் நாம் எழுத வேண்டியது என்ன?

நுரைமொழி எழுதியது:

நம்மில் பலர் அமெரிக்க கிராஃப்ட் பீர்களை (சிறு ஆலைகளின் மரபில் செய்யப்படும் பீர்கள்) பற்றி எழுதும் குறிப்புகள் ஓர் எண்ணோடு முடிந்துவிடுகின்றன. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். “ஐந்துக்கு 4.25, அருமை” என்று எழுதியவர் எத்தனை மாதப் பழைய கேனைத் திறந்தார், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடித்தாரா, கோப்பையில் ஊற்றினாரா, அதற்கு முன் வேறு என்ன குடித்திருந்தார் என்று எதுவும் தெரியாதபோது, அந்த எண்ணை வைத்துக்கொண்டு வாசிப்பவர் ஒரு முடிவுக்கும் வர இயலாது. அடைக்கப்பட்ட தேதி, ஊற்றிய கோப்பை, குடித்தபோது இருந்த குளிர்ச்சி, அந்த பீரைச் செய்தவர் எதைச் செய்ய முயன்றார் என்பது பற்றிய நம் புரிதல் ஆகியவற்றை முதலில் எழுதிவிட்டு, எண்ணைக் கடைசியில் போடுவோம் என்பதே என் கோரிக்கை. எண் இல்லாவிட்டாலும் குறையில்லை.

நான் சொல்வது விளங்குவதற்காக, எல்லோருக்கும் எளிதில் கிடைக்கும் ஒரு பீரை எடுத்துக்கொள்கிறேன். கென் கிராஸ்மனும் பால் கமுசியும் கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் நிறுவிய சியரா நெவாடா ஆலை, 1980 முதல் செய்துவரும் பேல் ஏல் வகை பீர் அது. ஆல்கஹால் 5.6 சதவீதம், கசப்பு அளவு 38 ஐபியு. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியின் பூக்களை, அரைத்து உருண்டையாக்காமல் முழுதாகவே அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் முதன்மையான காஸ்கேட் வகை, அமெரிக்க வேளாண் துறையின் இனப்பெருக்கத் திட்டத்தில் ஓரிகனில் உருவாகி 1972-ல் வெளியிடப்பட்டது.

நேற்று நான் திறந்த பாட்டில் அடைக்கப்பட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. வெளியே எடுத்துக் கால் மணி நேரம் வைத்திருந்து, விளிம்பு சற்றுக் குறுகிய கோப்பையில் ஊற்றினேன். நிறம் செம்மை கலந்த பொன். பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் மீண்டும் நொதிக்கும்படி அடைக்கப்படுவதால் அடியில் மெல்லிய வண்டல் உண்டு, அது கலந்ததில் லேசான மங்கல். நுரை வெண்மையாக எழுந்து, குறைந்தபோது கோப்பையின் உட்புறத்தில் வளையம் வளையமாகப் படிந்தது. மணத்தில் முதலில் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினால் எழும் காரமான நெடி, அதன்பின் ஊசியிலை மரம், எல்லாவற்றுக்கும் அடியில் ரொட்டியின் மேலோடு. முதல் மிடறில் கேரமல் மால்ட்டின் (முளைகட்டி வறுத்த பார்லி) இனிப்பு நாவின் நடுவில் சிறிது நேரம் தங்கியது. கசப்பு அதை அடக்கியதே தவிர அழிக்கவில்லை. விழுங்கிய பிறகு கசப்பு நீண்டு நின்று, உலர்வாக முடிந்தது. அடுத்த மிடறுக்குக் கை தானாகப் போனது. இந்தக் கடைசி வாக்கியத்தையும் மதிப்பீட்டின் பகுதியாகவே கருதுகிறேன், ஏனெனில் தொடர்ந்து குடிக்கத் தூண்டும் சமநிலைதான் இந்த பீரின் நோக்கம்.

பீருக்கு மதிப்பெண் இடும் பொதுச் செயலிகளில் இது பெரும்பாலும் நான்கைத் தொடுவதில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒரு நாட்டின் சுவையையே மாற்றியமைத்த பீர், கோப்பையில் எந்தக் குறையும் இல்லாத பீர், ஏன் சராசரியாக மதிப்பிடப்படுகிறது என்பதை நாம் பேச வேண்டும்.

---

கிழக்குக்கரை எழுதியது:

நண்பர் நுரைமொழி அவர்களுக்கு, உங்கள் குறிப்பை வாசித்தவுடன் அந்த பீரை வாங்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. குடிப்பவர் தனக்குக் கிடைத்த மகிழ்ச்சியின் அளவை எழுதுகிறார். அதில் வரலாற்றுக்கும் தயாரிப்பாளரின் நோக்கத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்துவது எப்படி நியாயமாகும்?

நான் மாசசூசெட்ஸில் வசிக்கிறேன். ட்ரீ ஹவுஸ் ஆலையின் ஜூலியஸ் பீரை அடைத்த வாரத்திலேயே குடிக்கும் வாய்ப்பு எங்களுக்கு உண்டு. ஆரஞ்சுச் சாறு போன்ற மங்கலும், மாம்பழத்தையும் பீச் பழத்தையும் ஒன்றாகப் பிழிந்தது போன்ற மணமும், கசப்பே தெரியாத மென்மையும் கொண்ட அந்த ஐபிஏவுக்கு (இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் மிகுந்த வகை) 4.5 கொடுத்துவிட்டு, ஒரு பேல் ஏலுக்கு 3.75 கொடுத்தால், அது என் நாவின் உண்மையான சாட்சி. வெர்மான்ட்டின் தி ஆல்கெமிஸ்ட் ஆலை செய்யும் ஹெடி டாப்பரை முதன்முறை குடித்தவர்கள் அடைந்த வியப்புக்கு, அதை எந்த வகையில் சேர்ப்பது என்ற அறிவு தேவைப்படவில்லை. மணம் அவர்களை வென்றது, அவ்வளவே.

தேதியை எழுத வேண்டும் என்பதை மட்டும் முழுமனதோடு ஏற்கிறேன்.

---

செம்மால்ட் எழுதியது:

இருவர் பேசுவதும் இரண்டு வெவ்வேறு வேலைகளைப் பற்றியது என்று நினைக்கிறேன், ஆகவே சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

வீட்டில் பீர் செய்பவர்களின் போட்டிகளுக்கு நடுவர்களைப் பயிற்றுவிக்கும் பிஜேசிபி அமைப்பு 1985-ல் தொடங்கியது. அதன் மதிப்பெண் தாள் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. 1996-ல் பாஸ்டனில் தொடங்கிய பீர்அட்வகேட் என்ற மதிப்பீட்டுத் தளம் தோற்றத்துக்கு 6, மணத்துக்கு 24, சுவைக்கு 40, வாயுணர்வுக்கு 10, ஒட்டுமொத்தத்துக்கு 20 சதவீதம் என்று பிரித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விகிதங்கள் அப்படியே ஒத்திருப்பது தெரியும். ஆயினும் நடுவர் ஒரு பீரை அதன் வகைக்குரிய விவரணையோடு ஒப்பிட்டு எழுதுகிறார், குறை கண்டால் அதற்கான காரணத்தையும் திருத்தத்தையும் எழுதக் கடமைப்பட்டவர். 2010-ல் வந்த அன்டாப்ட் செயலியில் ஐந்துக்கு ஒரே எண் போதும். அங்கே இலேசான பில்ஸ்னரும் போர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறிய கனத்த கறுப்பு ஸ்டவுட்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இட்லியைத் தோசைபோல் மொறுமொறுப்பாக இல்லை என்று குறைத்து மதிப்பிடுவதற்கு ஒப்பான நிலை அது.

இந்தக் கேள்வி புதியதும் அன்று. 1982-ல் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் தொடங்கி, பின்னர் டென்வருக்கு மாறிய கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில், தொடக்க ஆண்டுகளில் வந்திருந்தவர்கள் வாக்களித்துச் சிறந்த பீரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1985-ல் சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன் லாகர் அப்படித்தான் வென்றது. பின்னர் பெயர் மறைத்த கோப்பைகளை நிபுணர் குழு வகைவாரியாகச் சுவைத்துப் பதக்கம் வழங்கும் முறைக்கு மாறினார்கள். மக்கள் வாக்கு பொய் என்பதால் மாற்றவில்லை. அது ‘எது பிரபலமானது’ என்ற கேள்விக்கு மட்டுமே விடை சொன்னது.

வாக்களிப்பவர் மாறினால் பட்டியலும் மாறும் என்பதற்கு இன்னொரு சான்று. வீட்டிலேயே பீர் செய்பவர்களிடம் அமெரிக்கன் ஹோம்புரூவர்ஸ் அசோசியேஷனின் இதழ் நடத்திய வாக்கெடுப்பில், கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை செய்யும் ப்ளைனி தி எல்டர் என்ற ஐபிஏ பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 2017-ல் அதை முந்தியது மிச்சிகனின் பெல்ஸ் ஆலை செய்யும் டூ ஹார்ட்டட். சென்டெனியல் என்ற ஒரே ஹாப்ஸ் வகையில் செய்யப்படும், 7 சதவீத ஆல்கஹால் கொண்ட, பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாத ஐபிஏ. ஒரே ஹாப்ஸை வைத்து அவ்வளவு ஆழத்தைக் கொண்டுவருவது எத்தனை கடினம் என்று தாங்களே செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதனால்தான் அவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

---

கிழக்குக்கரை எழுதியது:

செம்மால்ட் ஐயா, விவரங்களுக்கு நன்றி. ஆனால் வகை விவரணை என்பது எப்போதும் பீருக்குப் பின்னால் வருவது. இதைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன்.

1965-ல் ஃபிரிட்ஸ் மேடாக் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் புரூவரியில் (பீர் ஆலை) பங்கு வாங்கி அதை மூடாமல் காப்பாற்றினார். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில் பால் ரெவியர் எச்சரிக்கை சொல்லச் சென்ற குதிரைப் பயணத்தின் இருநூறாம் ஆண்டை ஒட்டி 1975-ல் அவர் செய்த லிபர்ட்டி ஏல், காஸ்கேட் ஹாப்ஸின் மணத்தை அமெரிக்கர்களுக்கு முழுமையாகக் காட்டிய முதல் பீர்களுள் ஒன்று. அதை அன்றைய எந்த விவரணையோடு ஒப்பிட்டு மதிப்பிட்டிருக்க முடியும்? 1994-ல் வின்னி சிலுர்சோ கலிபோர்னியா டெமெக்யூலாவின் பிளைண்ட் பிக் புரூவரியில் ஹாப்ஸை இரட்டிப்பாக்கியபோது ‘டபுள் ஐபிஏ’ என்றொரு வகையே கிடையாது.

மங்கலான ஐபிஏவின் கதை இன்னும் தெளிவானது. ஜான் கிம்மிச்சும் ஜென் கிம்மிச்சும் 2003-ல் வெர்மான்ட்டின் வாட்டர்பரியில் தங்கள் தி ஆல்கெமிஸ்ட் பப்பைத் திறந்தார்கள். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அதை அழித்தது. அதே சமயத்தில் தயாராகிவந்த சிறிய கேன் ஆலையிலிருந்து ஹெடி டாப்பர் கேன்களில் வெளிவரத் தொடங்கியது. ஆனால் அமெரிக்க பீர் தயாரிப்பாளர்களின் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் தன் பட்டியலில் மங்கலான ஐபிஏக்களுக்குத் தனி வகை தந்தது 2018-ல்தான். அதுவரை வகையை மட்டும் பார்த்த ஒருவர், தெளிவின்மையைக் குறையாகக் குறித்து மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார். வரிசையில் நின்று அதை வாங்கியவர்களின் நாவு, பட்டியலைவிடப் பல ஆண்டுகள் முன்னால் இருந்தது.

---

மலர்க்கொம்பு எழுதியது:

நான் உணவு ஆய்வகத்தில் பணிபுரிபவள். வகையா மகிழ்ச்சியா என்ற விவாதத்துக்குள் போகாமல், தேதியைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் மேலே அனைவரும் ஒப்புக்கொண்டு கடந்துசென்ற அந்த இடத்தில்தான் பெரும்பாலான மதிப்பீடுகள் பழுதாகின்றன.

அடைக்கும்போது உள்ளே சிக்கும் மிகச் சிறிதளவு ஆக்சிஜனே போதும், ஹாப்ஸ் மணம் தேயத் தொடங்கிவிடும். முதலில் பழ மணமும் பூ மணமும் மங்கும். மால்ட்டின் இனிப்பு தேன்போல் தடித்து மேலெழும். பின்னர் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வரும். அந்த வாடைக்குப் பொறுப்பான சேர்மங்களில் ஒன்று டிரான்ஸ்-2-நோனெனல், நம் மூக்கு அதை மிக மிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும். மங்கலான ஐபிஏக்கள் இதில் இன்னும் பலவீனமானவை. ஓட்ஸ், கோதுமை ஆகியவற்றின் புரதமும் ஹாப்ஸின் பாலிஃபீனாலும் மிகுந்திருப்பதால் ஆக்சிஜன் பட்டதும் நிறமே மாறி, வெளிர் மஞ்சள் சாம்பல் கலந்த பழுப்பாகும். கிழக்குக்கரை அவர்கள் அடைத்த வாரத்திலேயே குடித்த ஜூலியஸும், அதே பீரை மூன்று மாதம் கழித்து வேறு மாநிலத்தில் நண்பர் வழியாகப் பெற்றவர் குடித்ததும் இரண்டு வெவ்வேறு பீர்கள். இருவரின் எண்களையும் கூட்டிச் சராசரி எடுப்பதில் பொருளே இல்லை.

வெளிச்சம் செய்யும் கேடு வேறு. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சத்தில் சிதைந்து, பீரில் இயல்பாகவே உள்ள ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) துணையோடு ஒரு கந்தகச் சேர்மமாகின்றன. அமெரிக்கர்கள் இதை ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தோடு ஒப்பிடுவார்கள். பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும், பச்சையும் நிறமற்றதும் ஏறக்குறையக் காப்பதில்லை, கேன் முழுமையாகக் காக்கும். பச்சை பாட்டிலில் இந்த நாற்றம் இருந்தால் அது கடை விளக்கின் வேலை என்று எழுதுங்கள், செய்தவரின் மீது பழி போடாதீர்கள்.

சில புரூவரிகள் தேதியை நேராக அச்சிடுகின்றன. சில ஆண்டின் நாள் எண்ணை மட்டும் இடுகின்றன. 045 என்றால் பிப்ரவரி 14. கேனின் அடியிலும் பாட்டிலின் கழுத்திலும் தேடுங்கள். எங்கும் தேதியே இல்லையென்றால் அதையும் குறிப்பில் எழுதுங்கள், வாசிப்பவருக்கு அது பயனுள்ள செய்தி. சான் டியாகோ பகுதியின் ஸ்டோன் புரூவரி, குடித்து முடிக்க வேண்டிய தேதியையே பீரின் பெயராக வைத்து ஓர் ஐபிஏவை 2012-ல் வெளியிடத் தொடங்கியது. ஏறக்குறைய ஐந்து வாரமே அதற்கு அவர்கள் விதித்த ஆயுள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் அது ஒன்று.

உங்கள் நாவால் உண்மையில் வேறுபாட்டைக் காண முடிகிறதா என்று சோதிக்க விரும்புவோருக்கு ஒரு வழி. வீட்டில் ஒருவரிடம் மூன்று கோப்பைகளில் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டில் புதியது, ஒன்றில் பழையது, அல்லது மாற்றி. எது தனித்தது என்று கண்டுபிடியுங்கள். வெறும் ஊகத்துக்கே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, ஆகவே பலமுறை செய்தால்தான் நம்பலாம். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க ஒளிபுகாத கோப்பையே நல்லது.

---

நுரைமொழி எழுதியது:

மலர்க்கொம்பு அவர்களின் பதிவை இந்த இழையின் முகப்பில் பொருத்திவைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

கிழக்குக்கரை நண்பரின் வரலாற்று வாதம் வலுவானது. ஆனால் நான் கேட்டது வகைப் பட்டியலை அன்று, செய்தவரின் நோக்கத்தை. லிபர்ட்டி ஏலுக்கு 1975-ல் பட்டியலில் இடமில்லாவிட்டாலும், அதைச் சுவைத்தவர், இங்கே ஹாப்ஸின் மணத்தை முன்னால் நிறுத்த முயன்றிருக்கிறார்கள் என்று உணர்ந்திருக்க முடியும். ஹெடி டாப்பரின் மங்கலும் அப்படியே. மணத்தைத் தக்கவைக்க வடிகட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று உணர்ந்தவர் அதைக் குறையாகக் கருதியிருக்க மாட்டார். நோக்கத்தைக் கேட்கும் பழக்கம் இருந்தால் புதிய பீருக்கும் நியாயம் கிடைக்கும், பழைய பேல் ஏலுக்கும் நியாயம் கிடைக்கும்.

எண்ணை மட்டும் நம்புவதில் இன்னோர் இழப்பும் உண்டு. 2000-ல் தொடங்கிய ரேட்பீர் தளத்தில் உலகெங்கும் இருந்து எத்தனையோ பேர் பத்தி பத்தியாக எழுதிவைத்தார்கள். பெரும் பீர் நிறுவனமான ஏபி இன்பெவின் கிளை அதில் பங்கு வாங்கியது 2017-ல் வெளிவந்தபோது, மதிப்பிடும் தளம் மதிப்பிடப்படுபவர் கையில் இருக்கலாமா என்று பல புரூவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2019-ல் தளம் முழுவதுமே அவர்கள் கைக்குப் போனது, 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. தங்கள் எழுத்தைத் தனியே சேமித்துவைத்தவர்களிடம் இன்று மீதமிருப்பவற்றில் பயன்படுபவை விவரணைகள்தான். 2004-ல் ஒருவர் போர்ட்டர் என்ற கரிய பீர் ஒன்றுக்குத் தந்த 3.6 என்ற எண் இன்று ஒன்றும் சொல்வதில்லை. அவர் கருகிய ரொட்டியையும் அதிமதுரத்தையும் அதில் முகர்ந்தார் என்ற வாக்கியம் இன்றும் பேசுகிறது.

---

தளிர் எழுதியது:

மலர்க்கொம்பு அக்கா, செம்மால்ட் ஐயா, நான் இந்த உலகுக்குப் புதியவன். டெக்சாஸுக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன. மதிப்பீடுகளில் பைன், கிரேப்ஃப்ரூட், பேஷன் ஃப்ரூட், ஸ்டோன் ஃப்ரூட் (பீச், பிளம் போன்றவை) என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு முகர்ந்தால் எனக்கு ‘பீர் வாசனை’ மட்டுமே தெரிகிறது. இதைப் பழக்கத்தால் பெற முடியுமா? எந்த பீரிலிருந்து தொடங்க வேண்டும்?

---

செம்மால்ட் எழுதியது:

தம்பி தளிர், நிச்சயமாகப் பெற முடியும். பிறர் எழுதிய பழங்களைத் தேடாதீர்கள். உங்கள் மூக்கு ஏற்கெனவே அறிந்த பொருள்களை மேசையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதல் பாடத்துக்கு மெய்ன் மாநிலப் போர்ட்லண்டின் அலகாஷ் ஒயிட்டைப் பரிந்துரைக்கிறேன். 1995 முதல் செய்யப்படும் பெல்ஜிய முறைக் கோதுமை பீர், ஆல்கஹால் 5.2 சதவீதம். அதில் கொத்தமல்லி விதையும் குராசாவ் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள். நம் சமையலறையில் வளர்ந்த எவருக்கும் மல்லி விதையின் மணம் தெரியும். கொஞ்சம் விதையை வறுக்காமல் நசுக்கி முகர்ந்துவிட்டு, உடனே கோப்பையை முகருங்கள். பீருக்குள் அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குப் பிடிபட்டுவிடும். ஒரு மணத்தைப் பிரித்தறிந்த மூக்கு அடுத்ததைத் தானே தேடத் தொடங்கும்.

இரண்டாவதாக சியரா நெவாடா. அதன் மணத்துக்கு நுரைமொழி அவர்கள் பம்பளிமாஸைச் சொன்னது மிகப் பொருத்தம். அடுத்து சிட்ரா, மொசைக் ஆகிய ஹாப்ஸ் சேர்ந்த ஏதேனும் ஓர் ஐபிஏ. சிட்ராவில் நன்கு பழுத்த மாம்பழத்தின் காம்புப் பக்கத்து மணமும் எலுமிச்சையும் கிடைக்கும். சிலருக்குக் கொய்யா தெரியும். மொசைக்கில் பழத்தோடு வெங்காயத் தாள் வாடையும் சில வேளை வரும். வந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

செய்முறை எளிது. கோப்பையை மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பிச் சுழற்றுங்கள். ஆழமாக ஒருமுறை இழுப்பதைவிடக் குட்டிக் குட்டியாக முகர்வது நல்லது. பிறகு ஒரு மிடறு எடுத்து விழுங்கியதும், வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். நாம் ‘சுவை’ என்று அழைப்பதில் பெரும்பகுதி அப்போதுதான் தெரியவரும், ஏனெனில் தொண்டையின் பின்வழியாக மணம் மூக்கை அடைகிறது. மிகுந்த குளிர் மணத்தை அடைத்துவிடும். ஐபிஏவுக்கு 7 முதல் 10 டிகிரி செல்சியஸ், கனத்த ஸ்டவுட்டுக்கு 12 அல்லது 13 டிகிரி போதுமானது. காரக் குழம்புச் சாப்பாட்டுக்குப் பின் மதிப்பீடு எழுத வேண்டாம். மிளகாயின் எரிச்சல் நாவைக் குழப்பிவிடும். ஊதுபத்தி ஏற்றிய அறையும் வேண்டாம். இலேசானதிலிருந்து கனத்ததற்குப் போங்கள், நடுவில் வெறும் ரொட்டியும் தண்ணீரும். ஒரு மாலையில் மூன்று நான்கு சிறு கோப்பைகளுக்கு மேல் நாவு நம்பத்தக்க சாட்சி சொல்லாது.

பழுதுகளையும் கற்றுக்கொள்ளுங்கள். வெண்ணெய் வாடை என்றால் டையசெட்டில் என்ற சேர்மம், வேகவைத்த சோளம் என்றால் டிஎம்எஸ் என்ற கந்தகச் சேர்மம், பச்சை ஆப்பிள் என்றால் அசிட்டால்டிஹைடு. பவேரியக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் ஈஸ்ட் தரும் சிறப்பு. அதே வாழைப்பழம் பில்ஸ்னரில் வந்தால் பழுது. நோக்கம் தெரியாமல் மதிப்பிட முடியாது என்று நுரைமொழி அவர்கள் சொல்வது இதைத்தான்.

---

கிழக்குக்கரை எழுதியது:

தளிர் தம்பிக்கான பதிவை நானும் மாணவனாக வாசித்தேன்.

ஹெடி டாப்பர் கேனின் மேல் விளிம்பில், கேனிலிருந்தே குடியுங்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். செய்தவரின் நோக்கத்தை மதிக்க வேண்டும் என்றால் இதையும் மதிக்க வேண்டும் அல்லவா? வார இறுதியில் ஒரே தேதியிட்ட இரண்டு கேன்களை எடுத்து, ஒன்றை அப்படியேயும் மற்றதை ட்யூலிப் மலர் வடிவக் கோப்பையிலும் குடித்துப் பார்த்தேன். கேனில் குடித்தபோது வாயுவின் துடிப்பு கடைசிவரை நின்றது, ஹாப்ஸின் பிசின் தன்மை நாவில் செறிவாக இருந்தது. கோப்பையில் ஊற்றியது முதல் சில நிமிடங்கள் மிகச் சிறந்த மணத்தைத் தந்தது, பிறகு விரைவாகத் தளர்ந்தது. கேனில் பீர் நெடுநேரம் நிலைத்திருக்கிறது, ஆனால் மூக்கு பாதி கட்டப்பட்டதுபோல் இருக்கிறது. மதிப்பீடு எழுத வேண்டுமானால் கோப்பை வேண்டும். குடித்து மகிழ மட்டுமென்றால் அவர்கள் சொல்வதற்குச் செவிசாய்ப்பேன்.

குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் லாகர் வகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த இழை தொடங்கிய பிறகு, எங்கள் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாமில் 2011 முதல் லாகர் செய்துவரும் ஜாக்ஸ் அபியின் ஹவுஸ் லாகரையும், பென்சில்வேனியாவின் விக்டரி செய்யும் ப்ரைமா பில்ஸையும் நுரைமொழி நண்பர் சொன்ன முறையில் எழுதிப் பார்த்தேன். ப்ரைமா பில்ஸில் புல்வெளியும் எலுமிச்சைத் தோலும் கலந்த ஜெர்மானிய ஹாப்ஸ் மணம், நூல் பிடித்தாற்போன்ற கசப்பு. ஹவுஸ் லாகரிலோ கசப்பு பின்னால் ஒதுங்கி, புது ரொட்டியின் மென்மை மட்டும் முன்னால் நிற்கிறது. இத்தகைய பீரில் எந்தப் பழுதையும் ஹாப்ஸாலோ பழத்தாலோ மறைக்க முடியாது, அப்படியும் ஒரு பழுதைக்கூட நான் காணவில்லை. இரண்டுக்கும் நான் முன்பு தந்திருந்த எண்ணைவிட இப்போது கூட்டித் தருகிறேன். ஆனால் ஜூலியஸின் எண்ணைக் குறைக்கப் போவதில்லை. அதில் என் கருத்து மாறவில்லை.

---

நுரைமொழி எழுதியது:

குறைக்க வேண்டியதும் இல்லை, நண்பரே. நீங்கள் ப்ரைமா பில்ஸைப் பற்றி எழுதிய வரிகள் எனக்கு எந்த எண்ணையும்விட அதிகம் சொல்லிவிட்டன. ஒரே ஒரு வேண்டுகோள், அந்த இரண்டின் அடைத்த தேதியையும் சேர்த்துவிடுங்கள்.

---

கிழக்குக்கரை எழுதியது:

ப்ரைமா பில்ஸ் ஏழு வாரம், ஹவுஸ் லாகர் மூன்று வாரம். இரண்டும் கடையின் குளிர்பெட்டியிலேயே வைக்கப்பட்டிருந்தவை.

---

தளிர் எழுதியது:

அக்கா, இன்னும் ஒரு கேள்வி. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை போர்பன் பீப்பாயில் ஊறவைத்துச் செய்யும் போர்பன் கவுண்டி ஸ்டவுட் இரண்டு பாட்டில் பரிசாகக் கிடைத்தது. இதைப் பல ஆண்டுகள் வைத்திருந்து குடிக்கலாம் என்கிறார்கள். நீங்கள் தேதியைப் பற்றிச் சொன்னது இதற்குப் பொருந்தாதா?

---

மலர்க்கொம்பு எழுதியது:

பொருந்தும் தம்பி, ஆனால் விளைவு வேறு. 14 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும், கருக வறுத்த மால்ட்டும், மிகுந்த எஞ்சிய இனிப்பும் உள்ள பீரில் ஆக்சிஜன் செய்யும் மாற்றம் முதல் சில ஆண்டுகளில் இதமாக இருக்கக்கூடும். புதிதாகக் குடிக்கும்போது போர்பனின் வெனிலாவும் மதுவின் சூடும் முன்னால் நிற்கும். காலம் போகப் போக அந்தச் சூடு தணிந்து, உலர்ந்த அத்தியும் பேரீச்சையும் நினைவுக்கு வரும் மணம் எழும். அதற்கும் எல்லை உண்டு. மிகவும் முதிர்ந்ததில் சோயா சாறு போன்ற உப்புச்சுவை தலைகாட்டும், உடல் மெலியும்.

கெடும் வாய்ப்பும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். 2015-ன் போர்பன் கவுண்டி பீர்களில் சில, லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியாவால் புளித்துப்போயின. நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்து, 2016 முதல் பாஸ்டுரைசேஷன் (சூடாக்கிக் கிருமிகளை அழித்தல்) செய்யத் தொடங்கியது. பீப்பாய் மரத்தின் துளைகளில் ஒளிந்திருக்கும் கிருமியை வேறு எப்படியும் முற்றாக விலக்குவது கடினம்.

உங்களிடம் இரண்டு இருப்பது நல்லதாயிற்று. ஒன்றை இப்போதே நண்பர்களோடு பகிர்ந்து, 12 டிகிரியில் சிறு கோப்பைகளில் ஊற்றி, விரிவாகக் குறிப்பு எழுதிவையுங்கள். மற்றதை நிமிர்த்தி, வெளிச்சம் படாத, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வையுங்கள். டெக்சாஸ் கோடையில் கார் கொட்டகை அதற்கு உகந்ததன்று. வீட்டுக்குள் ஓர் அலமாரியின் குளிர்ச்சி போதும், இல்லையென்றால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு. இரண்டு ஆண்டுக்குள் திறந்து, முதல் குறிப்பைப் பார்க்காமல் இரண்டாவதை எழுதிவிட்டு, பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அந்த அலமாரியில் ஐபிஏ எதையும் சேர்த்து வைக்காதீர்கள். ப்ளைனி தி எல்டர் கிடைத்தால் அன்றைக்கே குளிர்பெட்டியில் வைத்து அந்த வாரமே குடித்துவிடுங்கள். புதிதாகக் குடியுங்கள், முதிரவிடாதீர்கள் என்று அதன் லேபிளே கேட்டுக்கொள்கிறது.